உள்ளங்கால் பார்க்கும் வேலை

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குள் பேசின்களில் தண்ணீர் நிரம்பியிருக்க வேண்டும். சுடுதண்ணீர் கூடாது. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் முதல் வாரம் செய்கிற தவறு இதுதான். மார்கழிக் குளிர், வயசானவர்கள், பாவம் என்று தண்ணீரைக் காயவைத்து ஊற்றிவிடுவார்கள். கால் வெந்து கொப்புளம் போட்டுக்கொண்டிருக்கும்; காலுக்குச் சொந்தக்காரர் பக்கத்திலிருப்பவரிடம் முதியோர் பென்ஷன் வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருப்பார். தொழுநோய் தின்றுவிட்ட நரம்பு எதையும் மேலே சொல்லி அனுப்பாது. அதனால் குழாய்த் தண்ணீர்தான். அதையும் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான்.

வேலூர்ப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 26 வருஷமாக இந்த வேலை செய்கிறேன். காலைப் பார்ப்பது, காய்ப்பு சீவுவது, செருப்பு செய்வது. சம்பளப் பதிவேட்டில் என் பதவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. நோயாளிகளுக்கு நான் 'செருப்புக்காரத் தம்பி'. தலை நரைத்த பிறகும் தம்பிதான்.

எங்களிடம் வருகிறவர்களில் அநேகமாக யாருக்கும் இப்போது தொழுநோய் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் படிக்கிறவர்கள் தவறாக நினைத்துக்கொள்வார்கள். 1980களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையில், நோயின் வகையைப் பொறுத்து, ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ குணமாகிவிடுகிறது. மாத்திரை இலவசம். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் கீழே என்ற கணக்கை 2005 டிசம்பரில் எட்டிவிட்டோம் என்று அரசாங்கம் அறிவித்தது. 2022இல் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள் என்பதும் இதே தேசத்தின் கணக்குதான். கிருமி போய்விடும், செத்த நரம்பு திரும்பி வராது. உள்கணுக்காலுக்குப் பின்னால் ஓடுகிற நரம்பு ஒன்று போனால் உள்ளங்காலே போன மாதிரி. வலி போகும், கூடவே வியர்வையும் போகும். வியர்க்காத தோல் கோடைக்கால ஏரி மாதிரி வெடிக்கும். வெடிப்புக்குள் மண் போகும், அதன் மேலேயே மனிதர் நடப்பார்.

கால் 20 நிமிஷம் ஊற வேண்டும். அந்த நேரத்தில் நான் சும்மா இருப்பதாகத்தான் பார்ப்பவர்களுக்குத் தெரியும். உண்மையில் பாதி வேலை அப்போதுதான் நடக்கிறது. யார் எந்தக் காலை இழுத்துக்கொண்டு வந்தார், யாருடைய செருப்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது, யார் போன தடவையைவிட மெலிந்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பேசினிலிருந்து காலை எடுத்து சிமெண்டுத் தரையில் வைத்து எழுந்தால் ஈரத்தடம் பதியும். அழுத்தம் எங்கே விழுகிறது என்று அந்தத் தடமே பாதி சொல்லிவிடும். சரியாக அளக்க ஹாரிஸ் மேட் என்று ஒரு ரப்பர் பாய் இருக்கிறது, மை தடவி அதன்மேல் நடக்க வைத்தால் அழுத்தம் கூடின இடம் கறுப்பாகப் பதியும். எனக்கு ஈரத்தடம்தான் பிடிக்கும். ஒரு நிமிஷத்தில் உலர்ந்து மறைந்துவிடும். அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

பிறகு புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டு ஒப்பிடுவேன். ஒரு இடம் மட்டும் சூடாக இருந்தால், தோல் உடையாவிட்டாலும் உள்ளே எதுவோ கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது. அப்புறம் நைலான் இழை. 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்த இழை அது. உள்ளங்காலில் ஒவ்வொரு இடமாகத் தொட்டு, 'தெரியுதா?' என்று கேட்க வேண்டும். சிலர் என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகவே 'தெரியுது, தெரியுது' என்பார்கள். அதனால் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, சில சமயம் தொடாமலேயே கேட்பேன்.

இனி காய்ப்பு. கட்டைவிரலுக்குக் கீழே, பாதத்தின் முன்பக்கம்தான் பெரும்பாலும் கட்டும். பழைய ரூபாய் நாணயம் மாதிரி கெட்டியாக இருக்கும், நிறம் மஞ்சள். உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்த காப்புதான் அது. ஆனால் வலி தெரியாத காலில் அந்தக் காப்பே கல்லாகி, ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இருக்கிற சதையை நசுக்கும். காய்ப்புக்கு நடுவே மிளகு அளவுக்குக் கறுப்பு தெரிந்தால் அடியில் ரத்தம் கட்டியிருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் விட்டால் புண்.

பிளேடைத் தோலுக்குக் கிடையாகப் பிடித்து, கொப்பரை சீவுகிற மாதிரி மெல்லிசாகச் சீவ வேண்டும். ஊறின காய்ப்பு இழை இழையாக வரும். எங்கே நிறுத்துவது? தோலின் ரேகை மறுபடி தெரிய ஆரம்பிக்கிற இடத்தில். அதற்கு முன்னால் நிறுத்தினால் கல் உள்ளேயே இருக்கும், அதைத் தாண்டினால் நானே புண் வைத்துவிடுவேன். நாவிதருக்கு முகம் சுளிக்க ஒரு ஆள் எதிரே இருக்கிறார். முள் எடுக்கிற அம்மாவுக்கு 'ஆ' என்று கத்தப் பிள்ளை இருக்கிறது. எனக்கு யாரும் இல்லை. எவ்வளவு ஆழம் போனாலும் நாற்காலியில் இருக்கிறவர், "இன்னா தம்பி, கல்லு மாதிரி கீற காலு, அதுக்குப் போயி இவ்ளோ நேரம்?" என்று சிரிப்பார். அவருக்கு வலிக்க வேண்டியதை நான்தான் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரை அண்ணன் என்றே கூப்பிடுவேன். கரிகிரியில் பயிற்சி பெற்றவர். முதல் வாரம் நான் பிளேடைக் கையில் எடுத்ததும் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்தேன். பக்தி குடும்பம், பழக்கம் அப்படி. அண்ணன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"இன்னா பண்றே?"

"ஜெபம் பண்றேன் அண்ணா."

"கத்தி கையில இருக்கும்போது கண்ணைத் தொறந்துகினு பண்ணு."

இன்னொரு நாள் நான் அவரிடம் பெருமையாகச் சொன்னேன்: ஒவ்வொரு காலைத் தொடும்போதும் இது இயேசுவின் கால் என்று நினைத்துக்கொள்கிறேன் என்று. பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் நான் சீவி முடித்த காலை வாங்கிப் பார்த்தார். சின்ன விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு வெடிப்பு, நான் பார்க்காமல் விட்டது. "இயேசு காலைப் பாத்துகினு இருந்துட்ட, இந்தாளு காலைப் பாக்கல" என்றார்.

அன்றைக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் மத்தேயு 25ஆம் அதிகாரத்தைப் படித்தேன், அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று. பசித்தவருக்குச் சோறு போட்டவர்களும் நோயாளியை விசாரித்தவர்களும் வலது பக்கத்தில் நிற்கிறார்கள். ராஜா அவர்களைப் புகழ்கிறார். அவர்களோ திகைத்துப்போய், உம்மை எப்போது கண்டோம் என்று கேட்கிறார்கள். சின்ன வயசிலிருந்து கேட்ட பகுதி. அன்றைக்குத்தான் உறைத்தது, அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. இயேசு என்று நினைத்து யாரும் செய்யவில்லை. பசித்தவனைப் பசித்தவனாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அண்ணனிடம் பதில் சொல்லவில்லை.

கரிகிரி என்றேன், அதைப் பற்றிக் கொஞ்சம். 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் அது. அப்போது அங்கே பொட்டல் காடு. அறுவை மருத்துவரான எர்னஸ்ட் ஃப்ரிட்ஷி மரம் மரமாக நட்டு அதைச் சோலை ஆக்கினார். அதற்கும் முன்னால் 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்தவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனரி வீட்டில் 1914இல் பிறந்தவர். மருத்துவம் படிப்பதற்கு முன்னால் சில வருஷம் தச்சு வேலை, கட்டட வேலை கற்றவர் என்பதை அண்ணன் எப்போதும் அழுத்திச் சொல்வார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திய அறுவை சிகிச்சைக்காகத்தான் உலகம் அவரைக் கொண்டாடுகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அவர் செய்த பெரிய காரியம் வேறு. நோய் விரல்களைத் தின்பதில்லை, வலி தெரியாததால் மனிதரே தெரியாமல் அவற்றைத் தேய்த்தும் சுட்டும் அழித்துவிடுகிறார் என்று பொறுமையாகக் கவனித்து நிரூபித்தது அது. ராத்திரி படுத்திருந்தவரின் விரல், காலையில் பார்த்தால் குறைந்திருக்கும். காவல் வைத்துப் பார்த்தால், எலி. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்களாம். பூனையும் ஒரு மருந்து.

கால் காப்பாற்றப்பட வேண்டுமானால் செருப்பு வேண்டும் என்பதும் அந்தக் காலத்தில் அங்கே கண்ட உண்மைதான். கடைசியில் நிலைத்தது மைக்ரோசெல்லுலர் ரப்பர். நாங்கள் எம்சிஆர் என்போம். பெருவிரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்து உடனே எழும்ப வேண்டும். ஷோர் கணக்கில் 15லிருந்து 20க்குள் மென்மை. மெத்தை மாதிரி அமுங்கிவிட்டாலும் பிரயோஜனம் இல்லை, கட்டையாக இருந்தாலும் இல்லை. மேலே இந்த மெத்து, கீழே முள்ளும் கண்ணாடிச் சில்லும் ஏறாத கெட்டி ரப்பர். குதிகாலுக்குப் பின்னால் ஒரு பட்டை. அது இல்லாவிட்டால் உணர்ச்சியில்லாத காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது, மனிதர் வெறுங்காலோடு நடந்துகொண்டே இருப்பார். ஒட்டலாம், தைக்கலாம். ஆணி மட்டும் அடிக்கக் கூடாது. இந்தத் தொழிலின் பத்துக் கட்டளையில் முதலாவது அது.

நான் அடித்தேன்.

வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருஷம், டிசம்பர் மாதம். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவர், செங்கல் சூளையில் காவல் வேலை. பின்பட்டை பிய்ந்துபோயிருந்தது. சொலூஷன் போட்டு ஒட்டினால் ராத்திரி முழுக்கக் காய வேண்டும். அவருக்குக் கடைசி பஸ். எனக்கு ஆறு மணிக்கு சபையில் கேரல்ஸ் பாட்டுப் பயிற்சி. நான்தான் டெனர் குரலுக்கு முன்னால் நிற்கிறவன். ஒரே ஒரு சின்ன ஆணி, கால் அங்குலம்கூட இல்லை. பக்கவாட்டில் அடித்து மடக்கினேன். அடுத்த தடவை வரும்போது ஒழுங்காகத் தைத்துக்கொள்ளலாம், நாலு வாரம் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு நன்றாகத்தான் பாடினேன்.

பொங்கல் கழித்து அவர் வந்தார். ஆணி மெத்து ரப்பரைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருந்தது. குதிகாலில் பெருவிரல் நுழைகிற அளவுக்குப் புண். நாற்றம் வார்டு வாசலிலேயே தெரிந்தது. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, 'என்னமோ கொஞ்சம் ஈரமா கீது தம்பி' என்றார். மாவுக்கட்டு போட்டு, படுக்க வைத்து, அது ஆற மூன்று மாதம். சூளைக்காரர் வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

அண்ணன் திட்டவில்லை. அந்தச் செருப்பை என்னிடம் நீட்டி, உள்ளே கையை விடச் சொன்னார். விட்டேன். உள்ளங்கையில் குத்தி ரத்தம் வந்தது. எனக்கு வலித்தது. ஆணி, துளைத்த பாதம் என்று வைத்து இங்கே ஒரு பிரசங்கமே செய்துவிடலாம். செய்ய மாட்டேன். அந்த மனிதர் குதிகாலில் பட்டது எந்த உவமைக்கும் உரியதல்ல.

நோயாளியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீ இன்னா பண்ணுவ நைனா, எனக்கு பஸ்ஸு போவுதேன்னு அடிச்ச" என்றார். பஸ் அவருக்கு மட்டும் போகவில்லை என்று சொல்ல எனக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வருஷம் சொன்னேன். பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டார்.

அப்போதிருந்து ஒரு செருப்பும் என் கையைத் தாண்டாமல் வெளியே போனதில்லை. முடித்த செருப்பை மடியில் வைத்து, வெறுங்கையை உள்ளே விட்டு, முனையிலிருந்து குதிகால்வரை மூன்று தடவை தடவுவேன். கண்ணை மூடிக்கொள்வது அப்போது மட்டும்தான்.

எங்கள் சபைகளில் 'ஊழியக்காரர்' என்றால் பிரசங்கம் செய்கிறவர். 'ஊழியர்' என்றால் சம்பளம் வாங்குகிறவர். நடுவில் ஒரு 'க்கார'தான், ஆனால் தூரம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு நடப்பது ஆராதனை, செவ்வாய்க்கிழமை நடப்பது வேலை என்றுதான் நானும் பிரித்து வைத்திருந்தேன். அந்த டிசம்பர் சாயங்காலம் நான் வேலையை முடித்துவிட்டு ஆராதனைக்குப் போனதாக நினைத்தேன். ஆராதனையைப் பாதியில் விட்டுவிட்டுப் பாடப் போனேன் என்பதுதான் சரி. பாட்டைக் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் டெனர்தான் பாடுகிறேன், குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

குனிவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரிய வியாழன் வந்தால், இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிற யோவான் 13ஆம் அதிகாரத்தை வாசித்து, ஆண்டவர் எவ்வளவு தாழ்ந்தார், நீங்களும் தாழுங்கள் என்று பேசுவார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் என் தாத்தா ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் முழங்கால் அளவு நின்றவர். அப்பா செருப்பு தைத்தார். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருஷம், ஒரு தடவைகூட நேரில் பார்க்காத வெளிநாட்டுக் கால்களுக்கு மேல்பாகம் தைத்தேன். காலடியில் உட்காருவதற்கு எங்கள் ஜனத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாக உட்கார வைக்கப்பட்டவர்கள். நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் பாட்டி, "படிச்சும் காலுதானாடா உனக்கு?" என்று அழுதாள். அந்த அழுகையில் நியாயம் இருந்தது.

அந்த அதிகாரத்தை நான் இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். துண்டைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் ஒரு வரி இருக்கிறது: தாம் எங்கிருந்து வந்தார், எங்கே போகிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவர், தானாக எழுந்து, பேசினில் தண்ணீர் ஊற்றினார். யாரும் அவரை உட்கார வைக்கவில்லை. எனக்கும் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகிற வழி இருந்தது. விட்டுவிட்டு வந்தேன். குனிகிற முதுகு ஒன்றுதான், தாத்தாவுடையதும் என்னுடையதும். தாத்தாவைக் கேட்டு யாரும் குனிய வைக்கவில்லை. பாட்டி சாகும்வரை இதை ஒத்துக்கொள்ளவில்லை, அதுவும் இருக்கட்டும்.

இன்னொன்றும் அந்த அதிகாரத்தில் பார்க்கிறேன், தொழில்காரன் கண்ணால். கழுவினார் என்பதோடு விடாமல், துண்டால் துடைத்தார் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். துடைப்பது முக்கியம். விரல் இடுக்கில் ஈரம் தங்கினால் தோல் வெளுத்து ஊறிக் கிழியும்.

ஒரு வருஷம் பெரிய வியாழனுக்கு ஒரு சபையிலிருந்து வாலிபர்கள் வந்தார்கள். பன்னிரண்டு நோயாளிகளின் கால் கழுவ வேண்டும் என்று ஆசை. வெள்ளைத் துண்டுகள், ரோஜா இதழ் மிதக்கும் பேசின்கள், கேமரா. பொறுப்பாக வந்தவர் என்னிடம் மெதுவாக, "புண் இல்லாத காலா பாத்து உக்கார வைங்க" என்றார். உட்கார வைத்தேன். கட்டுப் போட்டவர்கள் சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒரு பாட்டி பக்கத்திலிருந்தவரிடம், "என் காலை யேசு சாமியே வந்தாலும் கழுவ மாட்டாரு போலக் கீது" என்று சொல்லிச் சிரித்தாள். பிள்ளைகள் உண்மையாகவே அழுதுகொண்டு கழுவினார்கள். அந்தக் கண்ணீரைப் பொய் என்று சொல்ல மாட்டேன். துண்டால் மேலாக ஒற்றிவிட்டு எழுந்து பாடினார்கள். பாட்டு முடிகிறவரை நான் பின்னாலேயே காஸ் துணியோடு போய் விரல் இடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழுவில் ஒரு பெண் அதைப் பார்த்திருக்கிறாள். அடுத்த செவ்வாய் தனியாகப் பஸ் பிடித்து வந்து, "அண்ணா, எப்படித் துடைக்கணும்னு காட்டுங்க" என்றாள். முதலில் சிரித்த அந்தப் பாட்டியிடம்தான் அனுப்பினேன்.

அந்தப் பாட்டியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். முதல் தடவை வந்தபோது காலைப் புடவைக்குள் இழுத்து ஒளித்துக்கொண்டாள். "வேணாம் தம்பி, நாறும்" என்றாள். நாற்றம் மூன்று வாரத்தில் பழகிவிடுகிறது. நாறுவதற்காக மன்னிப்புக் கேட்கிற குரல் 26 வருஷமாகியும் பழகவில்லை. அந்த யோவான் அதிகாரத்தில் பேதுருவும் காலை இழுத்துக்கொண்டவன்தான். கழுவுவது எளிது. காலை நீட்டுவதுதான் கஷ்டம், அதுவும் வாழ்நாள் முழுக்க விரட்டப்பட்டவர்களுக்கு. அன்று பாட்டியின் காலை நான் தொடவில்லை. ஒரு பேசினைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இன்னொரு பேசினில் என் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் குதிகாலில் பித்தவெடிப்பு நிறைய. அவள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, உங்காலு என் காலவிட மோசமா கீது" என்றாள். அதற்குப் பிறகு நீட்டினாள்.

ஆனால் நான் கழுவிக்கொண்டே இருப்பது முறையல்ல. மாதத்துக்கு ஒரு செவ்வாய் நான் சீவுவதால் கால் பிழைக்காது. தினமும் அவளே ஊற வைத்து, தேய்த்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவி, கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்தால்தான் பிழைக்கும். அவள் விரல்கள் மடங்கினவை, கல்லைப் பிடிக்க வராது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கிணற்றடியில் துணி துவைக்கிற கல் இருந்தது, ஒரு ஓரம் நல்ல சொரசொரப்பு. உட்கார்ந்து காலை அதன்மேல் தேய்த்தால் போதும், கை வேண்டாம். எண்ணெயைக் கையில் ஊற்றிப் புறங்கையால் தடவிக்கொள்ளலாம். கண்ணாடியைச் சுவரில் தரையோடு ஒட்டிச் சாய்த்து ஆணி அடித்துக் கொடுத்தேன். ஆணி அடிக்க அனுமதி உள்ள ஒரே இடம். ஏழு வருஷமாக அவளுக்குப் புண் இல்லை. கிளினிக்குக்கு வருவதையும் குறைத்துவிட்டாள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செருப்புக்கு மட்டும். வராத செவ்வாய்க்கிழமைகளில் கொஞ்சம் ஏக்கமாக இருக்கும். நம்மைத் தேடி வர வேண்டும் என்ற ஆசை தொண்டு செய்கிறவனிடம் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. அதையும் காய்ப்பு மாதிரி அவ்வப்போது சீவிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது எங்கள் வரிசையில் பாதிப்பேர் சர்க்கரை நோயாளிகள். நரம்பு போவதில் தொழுநோய்க்கும் சர்க்கரைக்கும் காலைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. அதே மரத்துப்போன உள்ளங்கால், அதே காய்ப்பு, அதே கறுப்பு மிளகு. பேராசிரியர், பஸ் கண்டக்டர், ஒரு ஆயர் ஐயாகூட, தொழுநோய்ப் பாட்டிகளுக்குப் பக்கத்து நாற்காலியில் கால் ஊற வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். மூன்றாவது தடவை பாட்டிகளே அவர்களுக்குக் கால் தேய்க்கச் சொல்லிக்கொடுப்பார்கள். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை இருக்கிறது என்று 2023இல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. அத்தனை கால்களையும் பார்க்க என்னைப் போன்றவர்கள் போதாது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ள அப்பாவோ மாமியாரோ இருந்தால், இன்று ராத்திரி அவர்கள் படுக்கப்போகும் முன் ஒரு பேசினில் தண்ணீர் வையுங்கள். முழங்கையால் தொட்டுப் பாருங்கள், சூடு கூடாது. அவர்களுக்குக் கால் ஊறவெல்லாம் வேண்டாம், கழுவினால் போதும். விரல் இடுக்கு ஒன்று விடாமல் துடையுங்கள். விளக்கை அருகில் கொண்டுவந்து உள்ளங்காலை முழுக்கப் பாருங்கள். கறுப்புப் புள்ளி, ஈரம், ஒரு பக்கம் மட்டும் சூடு, எது தெரிந்தாலும் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பிளேடை நீங்கள் எடுக்க வேண்டாம். காலை இழுத்துக்கொள்வார்கள், "எதுக்கும்மா, விடு" என்பார்கள். உங்கள் காலையும் பக்கத்தில் நீட்டிக்கொண்டு உட்காருங்கள். கடைசியாக, அவர்கள் செருப்பை எடுத்து உள்ளே கையை விட்டு முனையிலிருந்து குதிகால்வரை ஒரு தடவை தடவிப் பாருங்கள்.